ஒற்றைக் காலில் நிற்கிறாள்!

என் அக்கா பெண் ஒரு மாதமாக ஒற்றைக் காலில் நிற்கிறாள், 'ஃபுட்பால் ஆடியே தீருவேன்' என்று. அக்காவும் ஒற்றைக் காலில் நிற்கிறாள், 'கூடவே கூடாது' என்று. நடுவே பஞ்சாயத்துக்கு அழைக்கப்பட்ட அடியேன், போன ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே ஒற்றைக் காலில் நின்றேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

விஷயம் இதுதான். அவள் டீமில் ஆடும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மாட்ச் நடுவில் பந்தைத் தலையால் முட்டக் குதித்தாள். கீழே இறங்கினாள். 'டப்' என்று ஒரு சத்தம். யாரும் இடிக்கவில்லை. தட்டவில்லை. பக்கத்தில் ஆளே இல்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது! ஆபரேஷன் செய்தால்கூட மறுபடி ஆட ஒன்பது மாசமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பப்ளிக் எக்ஸாம் வேறு.

"நாளைக்கு இவளுக்கும் இப்படி ஆச்சுன்னா யாருடா பதில் சொல்றது?" - இது அக்கா.

"நம்ம தெருவுல ரெண்டு அண்ணனுங்களுக்கு கிரிக்கெட்ல முட்டி போச்சு மாமா. அவங்களை யாராவது நிறுத்தினாங்களா?" - இது பெண்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகப் பட்டது. நானோ பி.காம். முட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எட்டாங்கிளாஸில் கணக்கு வாத்தியார் போடச் சொன்னதுதான். ஆகவே இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

முழங்கால் கிட்டத்தட்ட கதவுக் கீல் மாதிரி. மடக்கலாம், நீட்டலாம். பக்கவாட்டில் வளைத்துத் திருகினால் தாங்காது. குதித்து இறங்குகிற நொடியில் உடம்பின் மத்தியப் பிரதேசம் - அதாவது வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகள் - கெட்டியாகப் பிடிக்காவிட்டால் மேலுடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. பாரம் முழுக்க ஒரு காலில். முழங்கால் உள்பக்கமாக மடங்க, நடுவில் இருக்கும் ஏ.சி.எல். என்கிற ஜவ்வு அறுந்துபோகிறது. மேலதிகாரி செய்த தப்புக்கு கிளார்க்குக்கு மெமோ வருகிற கதைதான். நம் ஆபீஸில் தினம் பார்க்கிறோமே!

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 277 விளையாட்டு மாணவர்களை ஒரு ஸ்டாண்டில் இருத்தி, இடுப்புக்கு மேலே கயிறு கட்டி இழுத்து, சட்டென்று விட்டுப் பார்த்தார்கள். யார் உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் 25 பேருக்கு முழங்காலில் அடி. பெண்களில், அன்றைக்கு அதிகம் ஆடியவர்களே அதிகம் மாட்டினார்கள். 2007-ல் வெளியான ஆராய்ச்சி. ஆண்களில் காட்டிக்கொடுத்தது வேறு சமாசாரம்: முன்பே இடுப்பு வலி வந்தவர்களா என்பது. (நாற்காலியில் நெளிகிற நண்பர்களே, அவர்கள் விளையாட்டு வீரர்கள். நாம் பைலைத் தாண்டிக் குதிப்பதில்லை.)

ஃபுட்பால், பாஸ்கெட்பால் ஆட்டங்களில் இந்த ஜவ்வு பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம் கிழிகிறது என்பதையும் படித்தேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை. மறைத்தது தப்புதான்.

ஆனால் அடுத்து படித்ததை ஓடிப்போய்ச் சொன்னேன். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான ஃபுட்பால் பெண்கள் 1,892 பேர். பாதிக் கிளப்களில் தினசரிப் பிராக்டிஸுக்கு முன் இருபது நிமிஷ வார்ம்-அப். மெல்ல ஓட்டம், முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரிப் படுப்பது, ஒற்றைக் காலில் பாலன்ஸ், குதித்து முழங்கால் உள்ளே மடங்காமல் மெத்தென்று இறங்குவது, மறுபடி ஓட்டம். ஒரு சீஸன் முடிவில், இதைச் செய்த கிளப்களில் மோசமான காயங்கள் கிட்டத்தட்டப் பாதி! இதற்கு மெஷின் வேண்டாம், டானிக் வேண்டாம். ஆனால் விடாமல் செய்யவேண்டும். தினம் ராத்திரி வீட்டில் பலகை மாதிரிப் படுத்தால் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு ரவுண்டு ஓட்டம், உடனே விசில், ஆட்டம்.

பி.டி. மாஸ்டரிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார். "சார், எனக்கு க்ரவுண்டு கிடைக்கிறதே நாப்பது நிமிஷம். அதுல இருபதை உங்களுக்குக் குடுத்துட்டு நான் என்ன பண்றது?" அவர் கேட்டதிலும் தப்பில்லை. "சரி, வாரத்துல ரெண்டு நாள். பசங்க அரை மணி முன்னாடி வரணும். நீங்க வந்து எண்ணிக்கை வெச்சுக்கணும், சம்மதமா?" என்றார்.

அதற்கான ஒத்திகைதான் ஞாயிற்றுக்கிழமை ஒற்றைக் கால். எட்டாவது விநாடியில் டீபாய் மேல் விழுந்தேன். பெண் பக்கத்தில் நின்று அரை நிமிஷம் அசையவில்லை. அப்புறம் ஸ்டூலிலிருந்து குதித்துக் காட்டச் சொன்னேன். வலது முழங்கால் ஒழுங்கு. இடது முழங்கால் லேசாக உள்ளே மடங்கியது. எனக்குத் தெரிந்தது. சமையலறை வாசலில் நின்ற அக்காவுக்கும் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த சம்மதக் கடிதம் இன்னும் பிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. "பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன். அந்த இடது கால் சரியாகட்டும், அப்புறம் கையெழுத்து" என்கிறாள் அக்கா. செவ்வாயும் வியாழனும் காலை ஆறு மணிக்கு என்னை யாரும் தேடவேண்டாம்.