தறி பார்த்து வாங்குறோம். கீ போர்டு பார்த்து வாங்குறோமா?

விரல் நோகிறது, கேட்பார் இல்லை!

அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். இங்கே குழித்தறி போடுகிறவர் சும்மா போட்டுவிட மாட்டார். மிதிக்கட்டைக்குக் கால் எட்டுதா, நாடா தள்ளக் கை நோகுதா என்று உட்கார்ந்து பார்ப்பார். நாள் முழுக்க உழைக்கிற உடம்பு ஆச்சே!

அதே வீட்டுப் பெண் இன்று கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள். எட்டு மணி நேரம் தட்டுகிறாள். அந்தக் கீ போர்டை உட்கார்ந்து பார்த்து வாங்கியது யார்? யாரும் இல்லை! கம்ப்யூட்டரோடு வந்தது, அவ்வளவுதான்.

மரத்துப்போகும் விரல்

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழி. அதில்தான் விரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. கை மேல்நோக்கி மடங்கியபடியே இருந்தால் நரம்பு அழுந்தும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். கீ போர்டின் பின்னால் இருக்கிற இரண்டு குட்டிக் கால்களையும் மடக்குங்க. பலகை முழங்கை மட்டத்துக்கு வரட்டும். மேஜை உயரமா? நாற்காலியை உயர்த்துங்க, கால் தொங்கினால் கீழே ஒரு கட்டை போடுங்க.

கடையில் கேளுங்க

சாதாரண போர்டில் எழுத்துக்கு அடியில் ரப்பர் இருக்கும். விலை குறைவு, சத்தமும் குறைவு. மெக்கானிக்கல் போர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஸ்பிரிங். டி.டி.பி. கடைகளில் 'டக் டக்' என்று கேட்குமே, டி.வி.எஸ். கோல்டு, அது இந்த ரகம். விலை கூட, சத்தமும் கூட. எது நல்லது? உங்க விரல்தான் சொல்லணும். கடையில் பத்து நிமிஷம் தட்டிப் பார்க்காமல் காசை எடுக்காதீங்க!

எழுத்து எங்கே இருக்கு?

பலகை மட்டும் சரியானால் போதாது. தமிழ் டைப்ரைட்டர் முறையில் 'கொ' அடிக்க ஒற்றைக் கொம்பு, 'க', கால் என்று மூன்று தட்டு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற 'தமிழ் 99' முறையில் 'க', 'ஒ' என்று இரண்டே தட்டு. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. இரண்டு கையும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

இது வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆனால் அரசு டைப்பிஸ்ட் வேலைக்கு ஆசைப்பட்டு இன்ஸ்டிடியூட் போன பிள்ளைகள் பழகியதெல்லாம் பழைய மெஷின் முறை. பழகிய விரலைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் அதே முறையைக் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்காவது முதல் நாளே 'தமிழ் 99' கற்றுக்கொடுத்தால் என்ன?

தறி சரியில்லை என்றால் புடவை கெடும். கீ போர்டு சரியில்லை என்றால் கையே கெடும். ஆபீஸ் முதலாளிகளும் அதிகாரிகளும் கவனிப்பார்களா?