சீனக்குடா மாவும் செங்குழியங்களும்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில், சீனக்குடாவில் நிற்கும் பிறிமா ஆலை 1980 முதல் கப்பலில் வரும் கோதுமையை அரைத்து நாடெங்கும் அனுப்புகிறது. மூதூர் பேக்கரிப் பாணுக்கும் மலைநாட்டுத் தோட்டத்து றொட்டிக்கும் மா இத்தகைய ஓரிரண்டு பெரிய ஆலைகளிலிருந்துதான் போகிறது. அந்த மாவில் இரும்பையும் போலிக் அமிலத்தையும் கலப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். ஏன் என்பதற்கு விடை நம் என்பு மச்சைக்குள் இருக்கிறது.

வளர்ந்த ஒருவரின் மச்சை விநாடிக்கு ஏறத்தாழ இருபது இலட்சம் செங்குழியங்களை உருவாக்குகிறது. குருதியில் ஒட்சிசன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபொயெட்டின் என்ற ஓமோனைச் சுரக்க, மச்சையிலுள்ள முன்னோடிக் கலங்கள் மடியாமல் தப்பிப் பெருகுகின்றன. பெருவிழுங்கிக் கலம் ஒன்றைச் சூழ்ந்து நின்று அவை வளர்வதை 1958இல் பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் பெசி விவரித்தார். சுமார் ஒரு வாரத்துக்குள் அவை பலமுறை பிரிந்து, சிறுத்து, ஈமோகுளோபினால் நிரம்பி, இறுதியில் தம் கருவையே வெளியே தள்ளிவிடுகின்றன. அந்தக் கருவை நடுவிலுள்ள பெருவிழுங்கி விழுங்கித் தீர்க்கிறது. பிரிவதற்குப் போலிக் அமிலமும் விற்றமின் பி12உம் தேவை, நிரம்புவதற்கு இரும்பு தேவை. போலிக் அமிலம் குறைந்தால் கலங்கள் பிரிய முடியாமல் பருத்து, பல மச்சைக்குள்ளேயே அழிகின்றன. பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளிடம் மருத்துவர் லூசி வில்ஸ் கண்டது இந்தச் சோகையைத்தான்; மாமைற் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அது குணமானதை அவர் 1931இல் எழுதினார். இரும்பு குறைந்தாலோ குழியங்கள் சிறுத்து வெளிறிப் பிறக்கின்றன. மச்சை நாளொன்றுக்குக் கேட்கும் இரும்பு 20 முதல் 25 மில்லிகிராம். அதில் குடல் தருவது ஒன்றிரண்டு மில்லிகிராம் மட்டுமே. மிகுதி, 120 நாள் வாழ்ந்து முடிந்த பழைய குழியங்களிலிருந்து மீட்கப்படுகிறது. மாதவிடாயில் குருதி இழக்கும் பெண்ணுக்கு அந்தச் சிறு வரவு அன்றாடம் தவறக்கூடாது. கிளினிக்கில் கர்ப்பிணிக்குக் குளிசை கொடுப்பது நல்ல பணி. ஆனால் சேமிப்பு வற்றிய உடலோடு கருத்தரித்தவளுக்கு அது பிந்தி வரும் உதவி.

இதை முன்பே செய்து பார்த்தோமே என்பார்கள். உண்மை. தோட்டக் குடும்பங்களுக்கு இரும்பு சேர்த்த மாவைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2004இல் வெளியானது, சோகை குறையவில்லை. ஆனால் அங்கே சேர்க்கப்பட்டது எளிதில் கரையாத இரும்புத் தூள். நாமோ பாணோடு தேத்தண்ணியும் குடிப்பவர்கள், தேயிலை இரும்பின் உறிஞ்சலை மேலும் தடுக்கும். ஆகவே எந்த இரும்பு என்பதே முதற்கேள்வி. நன்றாக உறிஞ்சப்படும் சோடியம் இரும்பு ஈடிரிஏ போன்ற சேர்மங்களை உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்தது. மலிவான தூளைக் கலந்துவிட்டுக் கடமை முடிந்ததென்று சொல்லும் சட்டம் நமக்கு வேண்டாம்.

தலசீமியா நோயாளரைப் பற்றிய கவலை இதைவிடக் கனமானது. அவர்களின் மச்சையில் குழியங்கள் முதிராமலே அழிய, குடல் தேவைக்கு மீறி இரும்பை உறிஞ்சுகிறது; மிஞ்சும் இரும்பு உடலுக்குக் கேடு. ஆயினும் அவர்களுள் பலருக்கு ஏற்றப்படும் ஒரு பை குருதியே 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பைக் கொண்டுவருகிறது. பாணில் கூடுவது நாளுக்குச் சில மில்லிகிராம். குருதி ஏற்றாமல் வாழும் மிதமான தலசீமியா நோயாளருக்கு அந்தச் சிறிதும் பொருட்படுத்த வேண்டியதே. அவர்களுக்காக இரும்பு சேர்க்காத மாவும் தெளிவான பெயர்த்தாளோடு கடையில் கிடைக்க வேண்டும்.

துறைமுக ஊரில் மீனுக்கும் முருங்கைக்கும் பஞ்சமா என்றும் கேட்கலாம். இரண்டும் சிறந்த உணவு, அவற்றை விடச் சொல்லவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பாணும் சம்பலுமே இரவுச் சாப்பாடாகிவிட்ட வீடுகள் உண்டு, அந்த வீட்டுப் பெண்களை எண்ணியே இதை எழுதுகிறேன். உப்பில் அயடின் சேர்ப்பதை 1995இல் கட்டாயமாக்கிய நாடு இது. மாவுக்குப் பதில் அரிசியில் சேர்க்கலாமே என்றால், அரிசி ஆயிரக்கணக்கான சிறு ஆலைகளில் குற்றப்படுவதால் அதைக் கண்காணிப்பது கடினம். மாவுக்குச் சில வாசல்களே உள்ளன. சுகாதார அமைச்சு இரும்பின் வகையையும் அளவையும் ஒழுங்குவிதியில் எழுதி, சீனக்குடாவிலிருந்து லொறி புறப்படும் முன்னரே மாதிரி எடுத்துப் பரிசோதிக்கட்டும்.