அறுபது நாள் கணக்கு

புதியம்புத்தூரில் தேதி தெரியாத ஆள் கிடையாது. கட்டிங் என்றைக்கு முடிய வேண்டும், தீபாவளி லோடு என்றைக்கு ஏற வேண்டும் என்று நேற்று தையலுக்கு வந்தவர்கூடச் சொல்வார். அதே ஊரில், நம் தெருக்காரர் ஒருவருக்கு செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை விழுந்தால் அப்பீலுக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள். பதில் வராது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள். மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனையை எதிர்த்து செஷன்ஸுக்குப் போக 30 நாள். தூக்குத் தண்டனைக்கும் 30 நாள்தான்.

தீர்ப்பு நாளில் நாம் செய்வதெல்லாம் தூத்துக்குடி கோர்ட் வாசல்வரை போவதுதான். வேனில் ஏற்றியதும் அழுகிறோம், “கேஸ் முடிஞ்சு போச்சு” என்று பஸ் ஏறுகிறோம். பிறகு பாளையங்கோட்டை ஜெயிலுக்கு மனு பார்க்கப் போகிறோம். மழை பெய்ததா, உளுந்து எப்படி, வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, எல்லாம் பேசுகிறோம். “தீர்ப்பு நகல் உன் கைக்கு வந்துச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. சிறைத்தண்டனை பெற்றவருக்கு அந்த நகலை உடனே, காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

கொடுத்தார்களா என்று கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1978-ஆம் ஆண்டு ஹாஸ்காட் வழக்கு இருக்கிறது. பல்கலைக்கழக ஆசிரியர் அவர், படிக்காதவர் அல்ல. பம்பாய் உயர் நீதிமன்றம் 1973-இல் மூன்றாண்டு தண்டனை விதித்தது. நாலு வருடத்துக்கும் மேல் கழித்து உச்ச நீதிமன்றம் வந்தவர், நகலே இப்போதுதான் கிடைத்தது என்றார். ஜெயிலுக்கு நகல் போனதாகப் பதிவு இருந்தது. அவர் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து இல்லை. அவருடைய மனு தள்ளுபடியானது. ஆனாலும் நீதிபதி கிருஷ்ணய்யர் ஒரு விதியை எழுதி வைத்தார்: நகலைக் கைதியிடம் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், அப்பீல் போட வசதி செய்து தர வேண்டும், வக்கீல் வைக்க முடியாதவருக்கு வக்கீல் தர வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை தேர்தல்! ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரிடமும் நாம் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

கெடு தாண்டினாலும் கதவு அடைபடுவதில்லை. அதே காலவரையறைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, போதுமான காரணம் சொன்னால் தாமதத்தை மன்னித்து நீதிமன்றம் அப்பீலை எடுத்துக்கொள்ளலாம். தாமதத்தைக் கறாராக எண்ணாதீர்கள் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பு, அரசாங்கம் நாலு நாள் பிந்திப் போட்ட அப்பீலில் வந்தது. கொரோனா காலத்தில் இன்னும் தாராளம்: 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை ஓடிய நாட்களை எல்லா வழக்கின் கெடுவிலிருந்தும் உச்ச நீதிமன்றம் கழித்துவிட்டது. வெளியே வர முடியவில்லை என்பதுதான் காரணம். ஜெயிலில் இருப்பவருக்கு எல்லா வருடமும் அதே நிலைதானே? அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் மனுப் போட்டு விளக்க வேண்டியிருக்கிறது.

விளக்கத்தை யார் எழுதிக் கொடுப்பது? நாம் எழுதிக் கொடுக்கவில்லை. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. “ஓசி வக்கீல் என்ன பேசப் போறான்” என்று நாமே சொல்லி அந்த வீட்டுப் பெண்களின் மனதைக் கலைத்தோம். வெட்டுக் குத்து வழக்கில் எதிர்த் தெருக்காரர் உள்ளே போனால் “கிடக்கட்டும்” என்றோம். இந்தக் கரிசல் வட்டாரத்தில் சாதி பார்த்துத்தான் இரக்கமும் வருகிறது. அதை மறைத்து என்ன பயன்?

பக்கத்து ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.க்குச் செப்டம்பர் 5 தோறும் மாலை போடுகிறோம். 1908 ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை அப்பீலில் வெகுவாகக் குறைந்ததால்தான் 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். அவர் வக்கீல், கெடுவும் வழியும் தெரியும். நம் தையல்காரருக்கும் சம்சாரிக்கும் தெரியாது. தெரிந்த நாலு பேரும் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி.

இனி மனு பார்க்கப் போகும்போது முதல் கேள்வியாக நகலைக் கேளுங்கள். அப்பீலை ஜெயில் அதிகாரியிடமே கொடுக்கலாம். அவர் கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும். கெடு தாண்டியிருந்தால் தாமத மனுவும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தாலும் உதவி கிடைக்கும். அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை.