எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்

சம்பளம், வீடு, காணி என்று எழுதிவந்த இந்தப் பக்கத்தில் இம்முறை ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறோம். பஸ்ஸில், கடையில், வைத்தியசாலை வரிசையில், சில வேளை பாடசாலை மைதானத்திலும் நாம் எல்லோரும் கேட்ட சொல் அது: 'தோட்டக்காட்டான்'. சிங்களத்தில் சொல்பவர்கள் 'வத்து தெமள' என்பார்கள். தமிழ் பேசுகிறவர்களிடமிருந்து வரும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுடும்.

கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் நமது ஸ்பிரிங்வெளிப் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வரும்போது ஒன்றைச் சொல்கிறார்கள். "ஊர் எது?" என்று கேட்டால் "பதுளை" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்களாம். "பதுளையில் எங்கே?" என்ற அடுத்த கேள்வி வராமல் பேச்சை மாற்றிவிடுகிறார்களாம். தோட்டத்தின் பேரைச் சொன்ன பிறகு முதலாளியின் குரல் மாறுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிறந்து வளர்ந்த இடத்தின் பேரை மறைக்க வேண்டிய நிலையில் நமது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், அது சங்கம் பேச வேண்டிய விஷயம்தான்.

"சொல்லில் என்ன இருக்கிறது? சம்பளத்தைப் பேசுங்கள்" என்று மூத்த தோழர்கள் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நமது வரலாற்றைப் பார்த்தால், நம்மை அழைத்த சொல்லும் நமக்குக் கிடைத்த சம்பளமும் தனித்தனியாக இருந்ததே இல்லை.

'கூலி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்துக்கு அது எங்கிருந்து போனது என்பதில் ஆய்வாளர்களிடம் இரண்டு கருத்து உண்டு. குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். நமது தமிழ்ச் சொல்லே என்பார்கள் மற்றவர்கள். தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கொடுக்க வேண்டிய காசு. வெள்ளைக்காரத் துரைமார் அந்தப் பேரை வேலை செய்கிற மனிதனுக்கே வைத்துவிட்டார்கள். அது வெறும் ஏச்சுப் பேச்சு அல்ல, சட்டத்தோடு சேர்ந்த நிலை. 1865 ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனவரைச் சிறையில் போடலாம். 'துண்டு' முறையில் ஒருவருடைய கடனைத் தீர்த்து அவரையே அடுத்த தோட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தத் துண்டு முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. விட்டுப் போக உரிமை இல்லாத மனிதருக்கு வைத்த பேர்தான் 'கூலி'.

அந்தப் பேரை மாற்றியது தொழிற்சங்கம். கோ. நடேசய்யர் 1931 இல் தோட்ட மக்களுக்கென்று தனிச் சம்மேளனம் அமைத்தார். பத்திரிகையிலும் மேடையிலும் நம்மவர்களைத் 'தொழிலாளி' என்று அழைத்தார். தொழிலாளி என்றால் உரிமை கேட்கலாம், பேரம் பேசலாம், வேலை நிறுத்தம் செய்யலாம். நமது ஊவாவிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 1940 இல் வேலை நிறுத்த அலை இந்தப் பக்கம் பரவியபோது வெவெஸ்ஸ தோட்டத்து மக்கள் தாமே தேர்ந்தெடுத்த ஒரு தொழிலாளர் சபையை அமைத்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேசி நடப்பதாகத் துரை ஒப்புக்கொண்டார். அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்து வைத்தார்கள். துரையோடு சரிக்குச் சரி பேசியவர்கள் பேருக்கும் உரிமைக்கும் சேர்த்துத்தான் போராடினார்கள்.

அடுத்தது 'கள்ளத்தோணி'. நமது பாட்டன் பூட்டிமார் களவாக வந்தவர்களா? அவர்களைச் சேர்த்து அனுப்ப 1904 முதல் திருச்சியில் இலங்கைத் தொழில் ஆணையகம் என்றே ஓர் அலுவலகம் இருந்தது. பிற்காலத்தில் வந்தவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து, சோதித்து, பதிந்து, தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றினார்கள். கூப்பிட்டு வந்தவர்களைக் களவாக வந்தவர்கள் என்று சொல்லியாயிற்று. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பதுளை ஸ்டேஷனிலிருந்து குடும்பங்கள் பிரிந்து போன கதை இல்லாத லயம் இங்கே குறைவு. 1988 இலும் 2003 இலும் சட்டங்கள் வந்த பிறகுதான் அந்தக் காயம் மூடப்பட்டது. ஒரு பொய்ப் பேரால் விழுந்த காயத்தை ஆற்ற 55 ஆண்டுகள் பிடித்தன.

இப்போது 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லுக்கு வருவோம். தோட்டத்தில் இருப்பது கேவலம் அல்ல. காட்டை வெட்டி முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டது நமது முன்னோர். பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல். அதற்கு முன்னே வந்தவர்கள் இந்த மலைகளுக்கு நடந்தே ஏறினார்கள். ஆனால் இந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் அந்த உழைப்பை நினைத்துச் சொல்வதில்லை. படிப்பு இல்லாதவன், நாகரிகம் தெரியாதவன், எந்த விலைக்கும் வேலைக்குக் கிடைப்பவன் என்பதுதான் அவர்கள் நினைக்கும் பொருள். குறைந்த சம்பளத்தை நியாயப்படுத்த இதைவிட வசதியான சொல் கிடையாது. "இவர்களுக்கு இது போதும்" என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு 2021 வரை இழுத்தடித்தபோது அந்த எண்ணத்தைத்தான் நாம் எதிர்கொண்டோம்.

அரசாங்கக் காகிதங்களிலும் இதன் நிழல் விழுந்தது. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவால் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிட முடியாமல் இருந்தது. நாம் வாக்குப் போட்டோம், உறுப்பினர்களையும் அனுப்பினோம். ஆனால் லயத்துக்குப் போகும் பாதையைச் சபை போடக் கூடாது, ஏனெனில் அது 'தோட்டம்', 'கிராமம்' அல்ல. 2018 இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில். முப்பது வருடப் பாதை இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது, தெரு விளக்கு இருந்தது.

குடிசன மதிப்பீட்டிலும் இதே கதை. 2012 இல் நாட்டின் சனத்தொகையில் 'இந்தியத் தமிழர்' சுமார் 4 வீதம். 2024 கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர் / மலையகத் தமிழர்' 2.8 வீதம். நமது சனம் அவ்வளவு குறைந்துவிடவில்லை. ஏளனத்துக்கும் பயத்துக்கும் ஆளான பலர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துவிடுவதும் இதற்கு ஒரு முக்கிய காரணம். அவர்களை நாம் குறை சொல்லவில்லை; பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் பிரதிநிதித்துவமும் ஒதுக்கீடும் கேட்கும் குரலும் குறையும். 'மலையகத் தமிழர்' என்பது யாரும் நமக்குச் சூட்டிய பேர் அல்ல. 1960களில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களும் அவர்களைச் சுற்றியிருந்த இளைஞர்களும் வளர்த்த பேர். 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பதாகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பேர் கணக்கெடுப்புப் படிவத்தில் ஏறியது நமது வெற்றி.

இளைஞர்களில் சிலர் வேறு வழி எடுத்திருக்கிறார்கள். போனில் வீடியோ போட்டு, "ஆமா, நாங்க தோட்டக்காட்டான்தான், இப்ப என்ன?" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். அந்தத் துணிச்சலை நாம் மதிக்கிறோம். அடித்த கல்லை எடுத்து வீட்டுக்கு அத்திவாரம் போடுகிற மாதிரி அது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் நம்மைச் சொல்லிக்கொள்வது வேறு. முதலாளியோ உத்தியோகத்தரோ நம்மைச் சொல்வது வேறு. "நீங்களே சொல்லிக்கொள்கிறீர்களே" என்று நாளை அவர்கள் வாதாட இடம் கொடுக்க வேண்டாம். வீடியோவில் சொல்லும் தம்பி, கொழும்பில் ஊர் கேட்கும்போதும் "ஸ்பிரிங்வெளி தோட்டம்" என்று முழுதாகச் சொன்னால் அதுதான் நமக்குப் பெருமை.

சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்றும் நாம் நம்பவில்லை. 2016 இல் இந்திய ரயில்வே தனது நிலையங்களில் சுமை தூக்குபவர்களைக் 'கூலி' என்று அழைப்பதை நிறுத்தி 'சகாயக்' என்று அழைக்கப்போவதாக அறிவித்தது. பேர் மட்டும் மாறினால் தூக்கும் சுமை இறங்காது. மறுபக்கம் மொரீசியசைப் பாருங்கள். நம்மைப் போலவே கப்பலில் போனவர்கள் இறங்கிய துறையை 'கூலி காட்' என்றார்கள். இன்று அது 'ஆப்ரவாசி காட்'; 2006 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2025 இல் 'காலனி' என்ற சொல்லை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கும் இடம் என்று அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்ததால் வந்த கோரிக்கை அது. பேரும் நிலையும் சேர்ந்து மாற வேண்டும் என்பதுதான் நமது நிலைப்பாடு.

வெளியே விரல் நீட்டும்போது உள்ளேயும் பார்க்க வேண்டும். நமது லயங்களுக்குள் சாதிப் பேர் சொல்லி ஏசுவது இன்னும் நிற்கவில்லை. மேல்கணக்கு, பணியக்கணக்கு என்று ஆளைத் தரம் பிரிக்கிறோம். கைக்காசுக்கு வருகிற அக்காவை இளக்காரமாகப் பேசுகிறோம். பிரட்டுக்களத்தில் பேரன் பேத்தி எடுத்த அம்மாமாரை "ஏய்", "வா", "போ" என்று நமது கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் கூப்பிடுவதைத் தினமும் கேட்கிறோம். நமக்குள்ளே இதை வைத்துக்கொண்டு, டவுன்காரன் நம்மை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு வலு இருக்காது.

ஒரு நாள் சம்பளத்துக்கு நாம் வைத்திருக்கும் சொல்லே 'பேர்' தான். "இன்றைக்குப் பேர் விழுந்ததா?" என்று கேட்கிறோம். நிறுவையில் கிலோ குறைந்தால் 'அரைப்பேர்' என்கிறார்கள். முழுப் பேரும் முழுச் சம்பளமும் நமக்கு ஒரே கோரிக்கை. ஆகவே தோட்டக் கமிட்டிகளுக்குச் சங்கம் வைக்கும் வேலைகள் இவை:

ஒன்று, பிரட்டிலும் மலையிலும் நிறுவையிலும் ஒவ்வொரு தொழிலாளியையும் பேர் சொல்லி, வயதுக்கு ஏற்ற மரியாதையோடு அழைக்க வேண்டும். இதை நிர்வாகத்தோடு பேசும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முதலில் நமது தோட்டத் தலைவர்கள் செய்து காட்ட வேண்டும்.

இரண்டு, பாடசாலைகளில் எந்தப் பிள்ளையையும் லயத்தையோ சாதியையோ தோட்டத்தையோ சொல்லி அழைப்பதை ஆசிரியர்களும் பெற்றோர் சங்கங்களும் அனுமதிக்கக் கூடாது.

மூன்று, பிள்ளை பிறந்தால் பதியும்போது 'மலையகத் தமிழர்' என்ற அடையாளத்தைப் பற்றி வீட்டில் பேசி முடிவெடுங்கள். விவரம் வேண்டுமானால் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.

நான்கு, அரசாங்க அலுவலகத்திலோ வைத்தியசாலையிலோ உங்களை இப்படி அவமதித்து, செய்ய வேண்டிய வேலையையும் மறுத்தால் அது வெறும் மனவருத்தம் அல்ல. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் போன்றவற்றால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. கடைகளுக்கும் உணவகங்களுக்கும் போகும் உரிமையையும் அதே உறுப்புரை சொல்கிறது. நாள், நேரம், இடம், சாட்சி ஆகியவற்றை எழுதிவைத்துக்கொண்டு உடனே சங்கத்துக்கு வாருங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுத உதவுவோம். உயர்நீதிமன்றம் போக வேண்டிய விஷயங்களுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். ஆகையால் தள்ளிப்போட வேண்டாம்.

இந்தச் சொற்கள் இன்னும் பரவாயில்லையா என்று கேட்டால் நமது பதில் இல்லை என்பதுதான். கூலி என்ற பேரை நமது தாத்தாமார் சங்கம் கட்டி இறக்கி வைத்தார்கள். தோட்டக்காட்டான் என்ற பேரை இறக்கி வைப்பது நமது முறை. அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டங்களில் மேலே சொன்ன நான்கையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எடுத்த முடிவுகளைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள் தோழர்களே.