தங்கியவர்களை மட்டும் எண்ணும் கணக்கு

2024ஆம் ஆண்டு கேரள எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தேர்ச்சி விகிதம் 99.69. இது தேர்வு எழுதியவர்களின் விகிதம் என்பதை, இந்த எண்ணைக் கொண்டாடுவோர் பலரும் கவனிப்பதில்லை. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ பள்ளியைவிட்டு நீங்கிய பிள்ளை இப்பின்னத்தின் தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை. மாநிலத்தில் இடைநிற்றல் மிகக் குறைவு என்பது மெய். எஞ்சியுள்ள இடைநிற்றலில், மக்கள்தொகையில் 1.45 விழுக்காடே உள்ள (2011 கணக்கெடுப்பு) பழங்குடியினரின் பங்கு அவர்களது எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு மிகுதி என்பதும் மெய்யே.

மாற்றுப் பள்ளிகள் குறித்த ஆய்வுகளும் இதே பிழையைச் செய்கின்றன. வகுப்பறையில் அமர்ந்திருப்போரிடம் வினாநிரல் கொடுக்கப்படுகிறது. 'மாணவர்கள் மனநிறைவுடன் உள்ளனர்' என்னும் முடிவு வருகிறது. மனநிறைவு இல்லாதவர் அங்கே எவ்வாறு இருப்பார்? விடுமுறைக்கு ஊர் சென்று விடுதிக்குத் திரும்பாத மாணவியிடம் எவரும் வினாநிரலை நீட்டுவதில்லை. அவருக்கென ஆயத்தமாக இருப்பது ஒரே விளக்கம்: 'படிப்பில் ஆர்வம் இல்லை.'

திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாட்டில் கே. விஸ்வநாதன் 1956இல் தொடங்கிய மித்ரநிகேதன் இவ்விவாதத்துக்கு இன்றியமையாத சான்று. சாந்திநிகேதனின் கல்வி மரபும் காந்திய ஆதாரக் கல்வியும் டென்மார்க்கின் மக்கள் உயர்பள்ளி முறையும் அங்கே ஒன்றுகூடின. பழங்குடிப் பிள்ளைகள் அங்கே தங்கிப் பயின்றனர். கைத்தொழிலும் வேளாண்மையும் ஏட்டுக்கல்வியோடு இணைந்தன. இதைப் போற்றுவோரில் ஒரு சாரார் தேர்வையும் சான்றிதழையும் இகழ்வதே மாற்றுக் கல்வி என்று கருதுகின்றனர். அது தவறு. குருண்ட்விக்கின் கருத்தையொட்டி 1844இல் ரோடிங்கில் தொடங்கிய முதல் மக்கள் உயர்பள்ளி தேர்வின்றி நடந்தது. அம்மரபில் பயின்றோர் பெரும்பாலும் உழவர் வீட்டு இளைஞர். தாமாக விரும்பி வந்தவர்கள். அகத்தியமலைக் காணிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லையேல் அரசுப் பணித் தேர்வின் வாசலைக்கூட மிதிக்க இயலாது. அவருக்குத் தேர்வை மறுப்பது விடுதலை அன்று, வஞ்சனை.

தேர்ச்சி விகிதம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோரும் தவறுகின்றனர். சான்றிதழ் மாணவரைப் பள்ளிக்கு அழைத்து வரலாம். நாள்தோறும் இருக்கச் செய்வது வேறொன்று. தன் பேச்சைக் கேட்டு நகைக்காத ஆசிரியர், வராத நாளில் 'ஏன் வரவில்லை?' என்று சினமின்றிக் கேட்கும் ஒருவர், தன் ஊரின் அறிவுக்கும் பாடத்தில் இடமுண்டு என்னும் நம்பிக்கை ஆகியவையே அது. வயநாட்டில் 2017இல் தொடங்கப்பட்ட கோத்ரபந்து திட்டம் இதை ஒப்புக்கொண்டது. பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்தோரையே வழிகாட்டி ஆசிரியர்களாகப் பள்ளிகளில் அமர்த்தியது. அதுவும் தொடக்கப் பள்ளி அளவிலேதான். பிள்ளைகள் மிகுதியாக வெளியேறும் உயர்நிலை வகுப்புகளுக்கு அத்தகைய துணை எங்கே?

ஆர்வமின்மை என்னும் வாதத்தை மறுக்கத் தலைநகருக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில எழுத்தறிவு இயக்கத்தின் பத்தாம் வகுப்புச் சமநிலைப் படிப்பில், முன்பு பள்ளியைவிட்டு நீங்கியவர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே, விடுமுறை நாட்களில் வந்து அமர்கின்றனர். ஆர்வம் அற்றுப்போயிருந்தால் இவர்கள் திரும்பியிருக்கமாட்டார்கள். 2018இல் 96 வயது கார்த்தியாயனி அம்மா எழுத்தறிவுத் தேர்வில் 98 மதிப்பெண் பெற்றபோது மாநிலமே மகிழ்ந்தது. மகிழ்ச்சி தகும். அதே அக்கறை 14 வயதில் வெளியேறியவரிடம் காரணம் கேட்பதிலும் வேண்டும்.

ஆகவே ஆய்வு வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்கக் கூடாது; சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும். அன்று சேர்ந்த ஒவ்வொரு பெயரும் இன்று எங்கே என்று தேடிச் சென்று, நீங்கியவரின் மொழியிலேயே அவரைப் பேசவிட வேண்டும். அதன்பின் மனநிறைவை அளக்கலாம். அதுவரை வெளியாகும் விகிதங்கள் பள்ளியின் தகுதியைக் காட்டமாட்டா. யாரை எண்ணாமல் விட்டோம் என்பதையே காட்டும்.