அப்டேட்டை நீக்கினால் பழைய கணினி திரும்பி வருமா?

"பிடிக்கலைன்னா அப்டேட்டை அன்இன்ஸ்டால் பண்ணிடு, பழையபடி ஆயிடும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டி விடாதீர்கள். நான் தலையாட்டினேன். அதன் பலனை ஒரு ராத்திரி முழுக்க அனுபவித்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணினி. அக்காவின் கல்யாணப் போட்டோ, அப்பாவின் வரவு செலவுக் கணக்கு, என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அதற்குள்தான். பெரிய அப்டேட் ஒன்று வந்து உட்கார்ந்த பிறகு கணினி கொஞ்சம் மந்தமானது போல எனக்குப் பட்டது. பேக்கப் எடுக்காமலே நீக்கும் பட்டனை அமுக்கினேன். பாதியில் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. கரண்ட் வந்தபோது புதியதும் இல்லை, பழையதும் இல்லை. கறுப்புத் திரை மட்டும்தான். பேட்டரி மாற்றாதது, பேக்கப் எடுக்காதது இரண்டுமே என் தப்பு. அப்பா திட்டவில்லை. "கல்யாணப் போட்டோ இருக்காடா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் வலித்தது.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: அப்டேட்டை நீக்குவது, எழுதியதை ரப்பர் வைத்து அழிப்பது போல அல்ல. அது இன்னொரு ஆபரேஷன். முதல் ஆபரேஷனை விட ஆபத்து குறைந்தது என்றும் சொல்ல முடியாது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பெரிய அப்டேட் வரும்போது பழைய இயங்குதளம் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கி வைக்கப்படுகிறது. திரும்பிப் போவது என்றால் அதை எடுத்து மறுபடி பழைய இடத்தில் வைப்பது. நடுவில் நீங்கள் போட்ட புரோகிராம்களும் மாற்றிய செட்டிங்குகளும் போய்விடும். அந்த ஃபோல்டரும் நிரந்தரமாக இருக்காது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது 30 நாள் அவகாசம் இருந்தது. 2016-ல் அதை 10 நாளாகக் குறைத்தார்கள். இடம் போதவில்லை என்று டிஸ்க் க்ளீனப்பில் நாமே அதை அழித்துவிட்டால் அந்த 10 நாளும் இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த 10 நாளை 60 நாள் வரை நீட்டிக்க வழி இருக்கிறது. ஆனால் அது 'டிஸ்ம்' என்கிற கட்டளைக்குள் ஒளிந்திருக்கிறது. வாரம் ஒருமுறை கணினியைத் திறக்கும் அப்பாக்களுக்கு அது எப்படித் தெரியும்? திரும்பிப் போகும் பட்டன் பக்கத்திலேயே 'எத்தனை நாள் வேண்டும்' என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, நீக்கினால் எல்லாம் திரும்பி வருமா? 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமெண்ட்களையும் படங்களையும் அழித்துவிட்டது. டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்குத் திருப்பிவிட்டிருந்தவர்களில் சிலருக்கு, பழைய இடத்தில் தங்கியிருந்த ஃபைல்கள் போய்விட்டன. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த அப்டேட்டை நிறுத்தி, நவம்பர் 13 அன்று திருத்தி வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது சொன்னது: கணினியை முடிந்தவரை பயன்படுத்தாதீர்கள். காரணம் எளிமையானது. அழிந்த ஃபைல், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். அவசரப்பட்டு அப்டேட்டை நீக்கினால் அந்த இடத்தின் மேலேயே எழுதிவிட வாய்ப்பு உண்டு.

அதனால் கணினி படுத்துவிட்டால் முதலில் ஃபைல், பிறகுதான் இயங்குதளம். இந்த வரிசை முக்கியம். கடைக்காரரோ நண்பரோ "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஒரு பென் டிரைவில் உபுண்டு போட்டு அதிலிருந்து பூட் செய்தால் உள்ளே இருப்பதைப் பார்த்து நகல் எடுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அதை இன்றே எழுதி வையுங்கள். பிறகு ரிப்பேர் திரைக்குப் போங்கள். பூட் ஆகாமல் அடுத்தடுத்துத் தோற்றால் அது தானாகவே வரும். ஸ்டார்ட்அப் ரிப்பேர், சிஸ்டம் ரெஸ்டோர், சேஃப் மோடு என ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதுவும் ஆகவில்லையென்றால் ஃபைல்களை வைத்துக்கொண்டு ரீசெட். புதிதாக நிறுவுவது கடைசி வழி. எனக்கு அந்தக் கடைசி வழிதான் வாய்த்தது. ஆனால் அதற்கு முன் உபுண்டு வழியாகப் போட்டோக்களை எடுத்துவிட்டேன். விடிகாலை நாலு மணிக்கு அப்பாவை எழுப்பிக் காட்டினேன்!

"அப்போ அப்டேட்டே வேண்டாம், நிறுத்திடலாம்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

என் கட்சி இதுதான்: அப்டேட் போடுங்கள், ஆனால் பேக்கப் எடுத்துவிட்டுப் போடுங்கள். பிடிக்கவில்லையா, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். அப்படியும் நீக்கத்தான் வேண்டும் என்றால் மறுபடி ஒரு பேக்கப், பிறகு நீக்குங்கள்.

யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வாங்கிவிட்டேன். அப்பாதான் காசு கொடுத்தார்.