சவுக்கடிக்குப் பின் வந்த பட்டம்

விக்டோரியா மகாராணி தம் அரண்மனை ஊழியர்களுக்கென 1872-இல் சேவைப் பதக்கம் ஒன்றை ஏற்படுத்தினார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே புதுச்சேரித் தமிழர் ஒருவர் பிரெஞ்சு மன்னரின் விருதோடு ஊர் திரும்பியிருந்தார். அவர் குருவப்ப பிள்ளை. அவருக்கு ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டால், கதை சிறையில்தான் தொடங்கும்.

அவருடைய தந்தை நயினியப்ப பிள்ளை, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும் ஆனவர். கம்பெனிக்குச் சரக்கும் கடனும் ஆட்களும் அவர் மூலமாகவே வந்தன. அந்த மனிதரை 1716-இல் புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் எபேர் கைதுசெய்தார். சேசு சபைப் பாதிரிமாரின் நெருக்குதலும் அதன் பின்னால் இருந்தது. விசாரணை போர்த்துகீசிய மொழியில் நடந்தது, பதிவோ பிரெஞ்சில். பிரெஞ்சு அவருக்குத் தெரியாது. தம் வாக்குமூலமாக என்ன எழுதப்பட்டது என்பதை அவரால் படிக்கவே முடியாது! கடைத்தெருவில், ஊரார் கண்ணெதிரே 50 சவுக்கடி. சொத்து பறிமுதல். 3 ஆண்டு சிறை. அதை முடிக்கும் முன், 1717-இல் சிறையிலேயே இறந்துபோனார்.

பிள்ளைகள் விடவில்லை. பிரான்சுக்கு முறையிட்டார்கள், சேன்-மாலோ வணிகர்களும் துணைக்கு வந்தார்கள். தீர்ப்பு ரத்தானது. குருவப்பரே கடல் கடந்து பாரிசுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றபோது ஞானத்தந்தையாக நின்றவர், சிறுவனான 15-ஆம் லூயிக்காக நாட்டை ஆண்ட ஓர்லேயான் கோமகன். 1469-இல் தோன்றிய புனித மிக்கேல் வீரர் குழாமின் பட்டமும் கிடைத்தது. திரும்பி வந்து தந்தையின் பதவியில் அமர்ந்தார், 1724-இல் மறைந்தார். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

சேவைக்குக் கிடைத்த கௌரவம் என்று இதை எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மகனுக்குத் தந்த பட்டம், தகப்பனுக்குச் செய்த அநியாயத்துக்குக் கட்டிய ஈடு. அரசர்கள் மார்பில் சூட்டும் சின்னங்களை இப்படித்தான், அவற்றுக்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதே புதுச்சேரியின் காலாப்பட்டில் இன்று மத்திய சிறையும் இருக்கிறது, பல்கலைக்கழகமும் இருக்கிறது. அங்கே வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நயினியப்பர் வழக்கின் ஏடுகள் பிரான்சின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவரால் படிக்க முடியாமல் போன அந்த ஏடுகளைத் தமிழில் கொண்டுவாருங்கள்.